வன்னிக்கு ஓர் அல்பம்

செல்லடியிலும் இடப்பெயர்விலும் குடும்பப் படங்களைப் பறிகொடுத்த நிலத்தில் கமராவோடு வாழ்கிறவர்களின் அன்றாடமும் கனவும் புது முயற்சிகளும்

கிளிநொச்சி நகரில், ஏ9 வீதியோரம் இருக்கும் ஸ்ரூடியோக்களில் வேலை காலையிலேயே சூடுபிடித்துவிடும். முதலில் வருவது பெரும்பாலும் பாடசாலைப் பிள்ளைகள். தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் வயது வந்துவிட்டால், ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்ரூடியோவில்தான் படம் எடுக்க வேண்டும். நேர் பார்வை, மூடிய வாய், நிழல் விழாத பின்னணி என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பிள்ளைகள் போனதும் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்கிறவர்கள் வருவார்கள். சாமத்தியவீட்டு அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்யத் தாயும் மகளும் வருவார்கள். அந்தியேட்டி மலருக்குப் படம் கேட்டு யாராவது அவசரமாக வருவார்கள்.

இவர்களுக்கு இடையில், பேசாமல் ஒரு மூலையில் காத்திருந்து, கூட்டம் குறைந்ததும் எழுந்து வருகிற ஒருவரும் இருப்பார். அவர் கையில் பொலித்தீன் பை. பைக்குள் பழைய கொப்பித் தாள். தாளுக்கு நடுவில் விரல் நீளத்தில் ஒரு படம். தண்ணீர் பட்டு ஒரு பக்கம் உரிந்துபோயிருக்கும். "தம்பி, இதைக் கொஞ்சம் பெருப்பிச்சுத் தரேலுமோ?" என்று கேட்பார்.

வன்னியில் படம் எடுக்கிறவரின் தொழிலுக்கு இருக்கும் கனம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

2008ஆம் ஆண்டிலிருந்து 2009 மே வரை, மன்னார்க் கரையோரத்தில் தொடங்கி முள்ளிவாய்க்கால் மணல்வரை, சனம் ஊர் ஊராக இடம்பெயர்ந்தது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான், அடுத்த இடத்தில் சைக்கிளில் கட்டக்கூடிய அளவாகக் குறைந்தது. அதற்கடுத்த இடத்தில் கையில் தூக்கக்கூடிய அளவானது. கடைசியில் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்கள் ஏராளம். அந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் அல்பம் கைவிடப்பட்டது. பங்கருக்குள் புதைத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. மழைத் தண்ணீர் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிப்போன படங்களை எறிந்துவிட்டு வந்தவர்கள் உண்டு. போராளியாக இருந்த பிள்ளையின் சீருடைப் படத்தை, சோதனைக்குப் பயந்து, தாயே தன் கையால் எரித்த வீடுகளும் உண்டு. 2009இல் வவுனியா மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைபட்ட ஏறத்தாழ மூன்று இலட்சம் பேரில், கல்யாணப் படத்தோடு உள்ளே போனவர்கள் கொஞ்சப் பேர்தான்.

ஆகவே வன்னியில் இன்று கமரா தூக்குகிறவருக்கு இரண்டு வேலை. உலகில் எல்லாப் படப்பிடிப்பாளர்களும் செய்கிற வேலையை அவரும் செய்கிறார்: ஒளி பார்க்கிறார், முகம் பார்க்கிறார், பிழைப்பு நடத்துகிறார். அதோடு, அல்பம் தொலைத்த ஒரு சமூகத்துக்கு மறுபடி அல்பம் சேர்க்கிற பொறுப்பும் கேளாமலே அவர் தலையில் விழுந்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வேலையைப் பற்றியது.

ஒரு முகம் பெரிதாகும் விதம்

பொலித்தீன் பையில் வந்த அந்தப் படத்துக்கு என்ன நடக்கிறது என்று கிட்ட நின்று பார்க்க வேண்டும்.

அது தனிப்படமாக இருப்பது அபூர்வம். இல்ல விளையாட்டுப் போட்டியில் எடுத்த குழுப்படம், யாரோ உறவினரின் கல்யாணத்தில் பின்வரிசையில் நின்றபோது விழுந்த படம், பழைய அடையாள அட்டையில் இருந்த முத்திரை அளவுப் படம், இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிப்போன படமென்றால் அனுபவசாலி அதை உரிக்கவே மாட்டார். உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கானரில் வைப்பார்.

கணினியில் முகத்தைப் பெருப்பித்தால் கண் இருக்கும் இடத்தில் நாலைந்து சதுரப் புள்ளிகள்தான் தெரியும். முன்னால் நின்றவரின் தோள் இந்தப் பிள்ளையின் கன்னத்தை மறைத்திருக்கும். தோளை வெட்டி, மறைந்த கன்னத்தை மற்றப் பக்கத்துக் கன்னத்தைப் பார்த்து வரைய வேண்டும். பூஞ்சணம் பிடித்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். பின்னணிக்கு நீல நிறம். பக்கத்தில் கதிரை போட்டுத் தாய் இருப்பார். "மூக்கு இப்பிடி இல்லையடா தம்பி, கொஞ்சம் கூராய் இருக்கும்" என்பார். திருத்துகிறவர் மூக்கைக் கூராக்குவார். ஒரு தாயின் நினைவும் ஓர் இளைஞனின் மவுஸ் பிடித்த கையும் சேர்ந்து, இல்லாத ஒருவரின் முகத்தைக் கட்டி எழுப்புகிற வேலை இது. இதற்கு வாங்குகிற கூலி சில நூறு ரூபாய்.

இப்போது இந்த வேலைக்குச் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் வந்துவிட்டன. மங்கலான முகத்தைக் கொடுத்தால் சில விநாடிகளில் கண் இமை, தோல், தலைமயிர் எல்லாம் பளிச்சென்று வந்துவிடும். ஆனால் அந்தச் செயலி இல்லாத தகவலைத் தேடி எடுப்பதில்லை. தான் பார்த்துப் பழகிய இலட்சக்கணக்கான வேறு முகங்களைக் கொண்டு ஊகித்து நிரப்புகிறது. வருகிற முகம் அழகாக இருக்கும், ஆனால் வேறொருவருடையதாக இருக்கும். காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் படம் சாட்சியம். அதில் கற்பனை கலக்கக்கூடாது. புதிய கருவியை ஆசையோடு கற்கிற இளம் படப்பிடிப்பாளர்கள் இந்த ஒரு கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க வேண்டும்: ஸ்கான் செய்த மூலப்பிரதியைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, திருத்துவதையெல்லாம் இன்னொரு பிரதியில் செய்ய வேண்டும்.

இப்படி உருவான முகங்கள் எங்கே போகின்றன என்பது வன்னியில் எல்லாருக்கும் தெரியும். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். நாலு நாளில் வவுனியாவிலும், மார்ச்சில் முல்லைத்தீவிலும் பந்தல்கள் எழுந்தன. தறப்பாள் கூரைக்குக் கீழே வரிசையாகக் கட்டிய படங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு ஸ்ரூடியோவில் யாரோ ஒருவர் இரவிரவாகத் திருத்தியவை. வெயிலில் மை வெளிறிப்போக, லமினேற்றுக்குள் ஈரம் புக, அதே படத்தை மறுபடி அச்சடிக்கத் தாய்மார் வருகிறார்கள். பதில் கிடைக்காமலே இறந்துபோன தாய் தந்தையரின் படங்களும் இப்போது அந்த வேலைப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

கலியாண மாதமும் காய்ந்த மாதமும்

வன்னியின் படப்பிடிப்பாளருக்கு வருடம் சுபமுகூர்த்தத்தோடும் மழையோடும் ஓடுகிறது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஒரே நாளில் இரண்டு கலியாணவீடு வரும். ஆடியிலும் மார்கழியிலும் கடைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். காலபோக வெள்ளாண்மை வெட்டிக் கையில் காசு புழங்கும் மாசி, பங்குனியில் சாமத்தியவீடுகள் கூடும். வெள்ளம் வந்து பயிர் அழிந்த வருடத்தில், வயல் செய்யாத படப்பிடிப்பாளரும் சேர்ந்து நட்டப்படுவார்.

கலியாணவீட்டுக்கு முன்னர் ஒருவர் ஒரு கமராவோடு போனார். இன்று ஒரு குழு போகிறது. படத்துக்கு இருவர், வீடியோவுக்கு ஒருவர், நேரலைக்கு ஒருவர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கிற மாமா, சித்தி எல்லாரும் தாலிகட்டைத் தொலைபேசியில் பார்க்கிறார்கள். பல வேளைகளில் செலவுக்குக் காசு அனுப்பியவர்களும் அவர்கள்தான். கலியாணத்துக்குப் பிந்திய படப்பிடிப்புக்கு வடக்கின் மிகப் பெரிய குளமான இரணைமடுவின் அணைக்கட்டும், பச்சை பிடித்த வயலும், முல்லைத்தீவுக் கடற்கரையும் களமாகிவிட்டன.

மணமக்களுக்கு மேலே ட்ரோன் பறக்கிறது. போர்க்காலத்தில் வானத்தில் இரைந்துகொண்டு திரிந்த வேவு விமானத்தை வன்னிச் சனம் 'வண்டு' என்று அழைத்தது. வண்டு சுற்றினால் செல் வரும், பங்கருக்குள் ஓட வேண்டும். அந்த இரைச்சலைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று மாமனாகவும் மாமியாகவும் பந்தலுக்குள் இருக்கிறார்கள். நல்ல படப்பிடிப்பாளர் இதை அறிந்து நடக்கிறார். பறக்கவிடுமுன் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்கிறார், அளவாகப் பறக்கவிட்டு இறக்கிவிடுகிறார். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதி ஒரு பக்கம் இருக்க, மண்ணின் காயம் அறிந்து நடப்பது அதைவிடப் பெரிய விதி.

கருவி வாங்குவதும் லேசான காரியமாக இல்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் டொலர் ஒன்று 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சேர்ந்தன. புதுக் கமரா கனவாகிப்போனது. எரிபொருள் வரிசையில் நாள்கள் போயின. பலர் பழைய கமராவையே திருத்தித் திருத்திப் பாவித்தார்கள். போதாததற்கு வன்னியின் காலநிலை வேறு. கோடையில் செம்மண் புழுதி சென்சரில் ஏறும். மாரியில் குளக்காற்றின் ஈரத்தில் லென்சுக்குள் பூஞ்சணம் படரும். ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களைப் பிளாஸ்ரிக் டப்பாவுக்குள் போட்டு, லென்சை அதற்குள் வைத்துக் காப்பாற்றுவது இங்கே தொழிலின் பாதி.

படத்துக்குக் கொடுத்த விலை

ஸ்ரூடியோவுக்கு வெளியே, வீதியில் நின்று படம் எடுக்கிற ஊடகவியலாளர்களின் அன்றாடம் வேறு மாதிரி.

2017 ஜனவரி 31ஆம் திகதி முல்லைத்தீவு கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள், விமானப்படை பிடித்துவைத்திருந்த தங்கள் காணியின் வேலிக்கு முன்னால் குடும்பத்தோடு குந்தினார்கள். குழந்தைகள் வீதியோரத்தில் படுத்தெழும்பினார்கள். ஒரு மாதத்தில், மார்ச் 1ஆம் திகதி, அந்தக் காணி திரும்பக் கிடைத்தது. 2018 ஏப்ரல் 23ஆம் திகதி இரணைதீவு மக்கள் கடற்படையின் அனுமதிக்குக் காத்திராமல் வள்ளங்களில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கினார்கள். இந்த நாள்கள் வெளியுலகின் கண்ணில் பட்டதற்கு, அந்த இடத்தில் கமராவோடு நின்றவர்கள் காரணம்.

அவர்களுக்குக் கிடைத்தது என்ன? 2020 ஒக்ரோபர் 12ஆம் திகதி, முல்லைத்தீவு முறிப்புப் பகுதியில் சட்டவிரோத மரக்கடத்தல் பற்றிச் செய்தி சேகரிக்கப் போன ஊடகவியலாளர்கள் கணபதிப்பிள்ளை குமணனும் சண்முகம் தவசீலனும் கடத்தல்காரர்களால் கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். எடுத்த படங்களை அழிக்க வைத்தார்கள். 2021 நவம்பர் இறுதியில், முள்ளிவாய்க்கால் என்ற பெயர்ப்பலகையைப் படம் எடுக்கப் போன விஸ்வலிங்கம் விஸ்வசந்திரன் படையினரால் தாக்கப்பட்டுக் காயமடைந்தார். ஊர்ப் பெயர் எழுதிய பலகை ஒன்றைப் படம் எடுக்கவும் இரத்தம் சிந்த வேண்டியிருந்தது.

குமணன் அதன் பிறகும் கமராவைக் கீழே வைக்கவில்லை. 2023 ஜூன் இறுதியில் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்கள் வெளிப்பட்டபோதும், 2025இல் யாழ்ப்பாணம் செம்மணிப் புதைகுழி அகழப்பட்டபோதும் அவர் படங்கள் வெளிவந்தன. அந்த ஆண்டு ஓகஸ்டில் பயங்கரவாதத் தடுப்பு மற்றும் விசாரணைப் பிரிவு அவரை முல்லைத்தீவு அளம்பிலில் உள்ள தன் அலுவலகத்துக்கு அழைத்துப் பல மணிநேரம் விசாரித்தது. ஊடக சுதந்திர அமைப்புகள் கண்டித்தன. புதைகுழியின் ஒவ்வொரு மண் அடுக்கையும் படம் எடுத்துவைப்பது, நாளைக்கு நீதிமன்றம் கேட்கும்போது காட்டுவதற்கான வேலை. அந்த வேலையைச் செய்கிறவரைச் சந்தேகநபராக நடத்துவது அநீதி.

இவர்களின் அன்றாடப் பழக்கங்களில் ஆபத்தின் தடம் தெரியும். எடுத்த படம் உடனே இன்னொரு இடத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டு நினைவக அட்டை பிடிக்கிற கமராவென்றால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிய வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று ஒருவருக்காவது சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். மற்ற ஊர்களில் கமராக்காரர் முதலில் கற்பது ஒளியளவு. வன்னியில் இதையும் சேர்த்துக் கற்க வேண்டியிருக்கிறது.

துயரத்துக்கு அப்பால் ஒரு நாள்

வன்னிக்கு வெளியிலிருந்து வருகிற கமரா பெரும்பாலும் ஒரே படத்தைத் தேடுகிறது. செல் துளைத்த சுவர், ஊன்றுகோல், அழுகிற தாய். அது பொய்யான படம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் திரும்பத் திரும்ப எடுத்தால், இங்கே சிரித்து, சண்டைபோட்டு, வயல் விதைத்து, பிள்ளையைப் படிப்பிக்கிற ஒரு சமூகம் இருப்பது மறைந்துபோகும். அழுகிற முகத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனவர் அதன் ஒரு பிரதியைக்கூட அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை என்பது வேறொரு குறை.

இதற்கு மாற்றான வழியை வன்னியிலேயே ஒருவர் முன்னர் காட்டியிருக்கிறார். கவிஞரும் ஒளிப்படக் கலைஞருமான அமரதாஸ், போருக்குள் இருந்தபடியே வன்னி மனிதர்களின் நாளாந்த வாழ்வைக் கமராவில் பதிந்தவர். அவருடைய ஒளிப்பட நூலின் பெயர் 'வாழும் கணங்கள்'. இறுதிப் போரையும் உள்ளிருந்து படம் எடுத்தவர் அவர். இன்று சுவிற்சர்லாந்தில் வாழ்கிறார். சாவு சூழ்ந்த நிலத்தில் நின்றுகொண்டு வாழ்வைத் தேடி லென்சைத் திருப்பியது சாதாரண முடிவு இல்லை. வெளியார் எடுத்த போர்ப் படத்துக்கும் அவர் எடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் இது: அவர் படத்தில் இருக்கிறவர்கள் அவருடைய அயலவர்கள். தானும் ஓடுகிறவர்களில் ஒருவராக இருந்துகொண்டு அவர் படம் எடுத்தார்.

இன்றைய இளம் படப்பிடிப்பாளர்களுக்கு நான் சொல்ல விரும்புகிற இலக்கு இதுதான். போரைப் பதிந்தவர்கள் பதிந்துவிட்டார்கள். புதைகுழியைப் பதிகிறவர்கள் உயிரைப் பணயம் வைத்துப் பதிகிறார்கள். போருக்குப் பிந்திய வன்னியின் சாதாரண நாளை, ஊர் ஊராக, பொறுமையாக, பெயரோடும் திகதியோடும் பதிகிற வேலைதான் ஆளில்லாமல் கிடக்கிறது.

எங்கே தொடங்கலாம்

வட்டுவாகலில் தொடங்கலாம். நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் நடுவில் கிடக்கிற அந்த ஒடுங்கிய பழைய பாலத்தைக் கடந்துதான் 2009 மேயில் சனம் வெளியே வந்தது. இன்று அதில் பாடசாலைச் சைக்கிளும் மீன் ஏற்றிய மோட்டார்ச் சைக்கிளும் எதிரெதிரே வந்து ஒதுங்கி வழிவிடுகின்றன. 2025 செப்ரெம்பரில் புதிய பாலத்துக்கான வேலை தொடங்கிவைக்கப்பட்டது. புதுப் பாலம் வரட்டும், வரவேண்டும். அதற்கு முன்னர் பழைய பாலத்தின் விடியலையும் மாரி வெள்ளத்தையும், தூண்டிலோடு அதன் கரையில் நிற்கிற பெடியன்களையும் யாராவது ஒரு வருடம் விடாமல் படம் எடுத்துவைத்தால், பிற்காலத்தில் அந்தத் தொகுப்புக்கு ஈடாக எதுவும் இராது. ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது எல்லாப் புது முயற்சிகளிலும் செலவு குறைந்தது. ஆளைச் செதுக்குவதும் அதுதான்.

வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். அதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து, முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து, அந்த உப்புநீரில் விளக்கெரிப்பது வழிவழியாக வருகிற மரபு. இலட்சக்கணக்கில் சனம் கூடும் பொங்கல் நாளைத் தொலைபேசியில் எல்லாரும் எடுக்கிறார்கள். கொஞ்சம் வேறு மாதிரி முயலலாம். பிளாஷை அணைத்துவிட்டு, 50 மில்லிமீற்றர் லென்சின் துவாரத்தை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றி, தீப்பந்தத்தின் ஒளி முகத்தில் விழும்வரை காத்திருந்து எடுக்கலாம். படத்தில் குறுணி வரும், வரட்டும். தீயின் நிறம் தீயின் நிறமாகவே வரும். பிளாஷ் வெளிச்சத்தில் எல்லாக் கோயிலும் ஒரே கோயிலாகத் தெரிகிற குறை அந்தப் படத்தில் இராது.

முல்லைத்தீவுக் கரை கிழக்கைப் பார்த்தது. கரைவலை இழுக்கிற நேரத்தில் கடலிலிருந்து விடியல் எழும்பும். முகமாலையில் தலைக்கவசமும் முகமூடியும் போட்டுக்கொண்டு மண்ணை விரலளவு விரலளவாகச் சுரண்டிக் கண்ணிவெடி தேடிய பெண்கள், வேலை முடிந்து வீட்டில் அடுப்பு மூட்டுகிறவர்களும்தான். அந்த இரண்டு முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கட்டுரைக்குச் சமம். சுண்டிக்குளத்தில் வலசைப் பறவைகள் இறங்கும் மாதங்கள், பாலைப்பழம் பழுத்துச் சனம் காட்டோரம் போகும் நாள்கள், சூடடிப்புக் காலத்தில் இரவு வயல் காவல், மாங்குளம் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள்: இவை எல்லாம் இன்று மலிந்து கிடக்கின்றன. மலிந்து கிடக்கும்போது யாரும் படம் எடுப்பதில்லை. நாம் 2006ஆம் ஆண்டுக் கிளிநொச்சிச் சந்தையின் ஒரு சாதாரணக் காலைப்பொழுதை இன்று தேடி அலைவதற்குக் காரணம் இதுதான்.

ஸ்ரூடியோ நடத்துகிறவர் "இது கலைஞர்களின் வேலை, எனக்கு ஏன்?" என்று ஒதுங்கத் தேவையில்லை. மேற்கு ஆபிரிக்காவின் மாலி நாட்டில், பமாக்கோ நகரில், 1948இல் செய்டு கெய்ற்றா என்பவர் ஒரு ஸ்ரூடியோ திறந்தார். கட்டில் விரிப்பைப் பின்னணியாகத் தொங்கவிட்டு, முற்றத்து வெளிச்சத்தில், வந்தவர்களை நிறுத்திக் காசுக்குப் படம் எடுத்தார். எதிர்மறைப் படங்களை எறியாமல் வைத்திருந்தார். 1990களில் அவை உலகின் பெரிய கலைக்கூடங்களுக்குப் போயின. தமிழ்நாட்டிலும் பழைய ஸ்ரூடியோக்களின் குடும்பப் படங்களைத் தேடி எடுத்து எண்ணிமப்படுத்தும் வேலையை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரித்தானிய நூலகத்தின் அழிவுறும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு செய்தார்கள். கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்பு ஸ்ரூடியோக்களின் கணினித் தட்டுகளில் 2010இலிருந்து சேர்ந்திருக்கிற சாமத்தியவீடுகளும் கலியாணங்களும் அதே மதிப்புள்ளவை. வீட்டுக்காரரின் அனுமதியோடு அவற்றைப் பேணினால், மீள்குடியேறிய ஒரு சமூகம் தறப்பாள் கொட்டிலிலிருந்து கல்வீட்டுக்கு வந்த கதை, பின்னணி மாறுவதைப் பார்த்தே தெரியும்.

கற்றுக்கொடுப்பதும் ஒரு புது முயற்சிதான். மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் உழைப்பில் வளர்ந்தவர். 2013இல் முதல் கமரா வாங்கினார். உழைக்கும் மக்களின் வாழ்வைப் படம் எடுத்து இந்திய அளவில் பெயர் பெற்ற பிறகு, தூய்மைப் பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் மீனவப் பெண்களுக்கும் கமராவைக் கையில் கொடுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். நம் ஊர்ப் பாடசாலைகளில் ஒரு கிழமை முடிவில், பழைய இரண்டு கமராவும் சில தொலைபேசிகளும் இருந்தால் இது நடக்கும். தன் அம்மம்மா மிளகாய் காயப்போடுவதை ஒரு பிள்ளை படம் எடுக்கட்டும். வெளியிலிருந்து வருகிற எந்தப் படப்பிடிப்பாளருக்கும் கிடைக்காத பார்வை அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது.

எடுத்த படத்தை ஊருக்குக் காட்ட வேண்டும். கொழும்பிலும் வெளிநாட்டிலும் கண்காட்சி வைப்பது நல்லதே. அதற்கு முன்னர் சனசமூக நிலையத்தின் சுவரிலும், பொதுநோக்கு மண்டபத்திலும், கோயில் திருவிழாவின்போது மடத்திலும் கயிறு கட்டிக் கவ்வியில் கொழுவட்டும். படத்தில் இருக்கிறவர் வந்து தன்னைத் தேடிப் பார்க்கட்டும். "இது எங்கட ஆச்சியெல்லோ" என்று ஒரு குரல் எழும்பினால், வேறு விமர்சனம் தேவையில்லை.

பெயர், ஊர், திகதி

கடைசியாக, படப்பிடிப்பாளர்களுக்கும் படங்களை வைத்திருக்கும் எல்லாருக்கும் சில வேலைகள்.

வீட்டில் மிஞ்சிய பழைய படங்களை லமினேற் செய்யாதீர்கள். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியிராது, பிறகு பிரிக்கவும் முடியாது. ஒட்டும் தாள் உள்ள பிளாஸ்ரிக் அல்பத்தில் இருக்கும் படங்களை, கிழியாமல் வருமென்றால், எடுத்துச் சாதாரணக் கடதாசி உறையில் வையுங்கள். வராவிட்டால் அப்படியே ஸ்கான் செய்யுங்கள். சிறிய படமென்றால் அங்குலத்துக்கு 600 புள்ளிகளுக்குக் குறையாமல் ஸ்கான் செய்யச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறையும், கோப்பாக அனுப்புங்கள். மூன்று பிரதி இருக்கட்டும். அதில் ஒன்று வேறு வீட்டிலோ வெளிநாட்டு உறவினரிடமோ இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து இழந்த அனுபவம் நம்மைவிட யாருக்கு அதிகம்?

படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் யார், எந்த ஊர், எந்த வருடம், எடுத்தவர் யார் என்று எழுதுங்கள். பெயர் தெரிந்த கடைசிப் பெரியவர் போய்விட்டால், அந்தப் படம் முகம் மட்டும் உள்ள காகிதமாகிவிடும். தமிழ் ஆவணங்களைச் சேகரித்து எண்ணிமப்படுத்தி 2005இலிருந்து இயங்கிவருகிற நூலகம் நிறுவனம் போன்ற இடங்களோடு, பொதுவில் வைக்கக்கூடிய படங்களைப் பகிருங்கள். தனிப்பட்டவற்றைக் குடும்பத்துக்குள் பத்திரப்படுத்துங்கள். படத்தில் இருப்பவரின் சம்மதம் இல்லாமல் எதையும் வெளியிடாதீர்கள். நம் மண்ணில் ஒரு படம் உயிருக்கு ஆபத்தாக முடிந்த காலம் வெகுதூரத்தில் இல்லை.

படப்பிடிப்பாளர்களே, கலியாணவீட்டுக் குழப்பத்துக்கு நடுவிலும் வீட்டு மூத்தவரை வாசல் வெளிச்சத்தில் இருத்தி ஒரு படம் தனியாக எடுங்கள். கூலி கேட்காமல் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வாருங்கள். வாசகர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பழைய பெட்டியைத் திறந்து, ஒரு படத்தின் பின்புறத்திலாவது பெயரும் ஊரும் வருடமும் எழுதுங்கள். வன்னியின் அல்பம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.